பின்கோடை உடைத்துப் பார்ப்பது: ஆறு இலக்க எண்ணின் குணம் அறியும் வழி

ஈரோடு 638001, சேலம் 636001, கரூர் 639001, கோயம்புத்தூர் 641001, திருப்பூர் 641601. ஐந்தும் தலைமை அஞ்சலகப் பின்கோடுகள். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கும் முறை இது. முதல் இலக்கமான 6 தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த மண்டலத்தைச் சொல்லும், முதல் மூன்று இலக்கம் பிரிப்பு மாவட்டத்தைச் சொல்லும். அஞ்சல்காரருக்கு அவ்வளவு போதும். கணக்குப் பார்ப்பவருக்கோ, வெளியே ஒரே அச்சில் வார்த்ததுபோல் தெரியும் இந்த ஐந்தும் உள்ளே ஐந்து வேறு சாதி. ஒன்று முழு வர்க்கம், ஒன்று 48 வகுத்திகள் கொண்டது, ஒன்று இரண்டே பகா எண்களின் பெருக்கல். பெரிய எண் ஒன்றைக் கையில் எடுத்து அதன் குணங்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்ல இதைவிட நல்ல மாதிரிகள் கிடைக்காது.

தேவையானவை ஒரு தாள், ஒரு பேனா, 100 வரையுள்ள 25 பகா எண்களின் பட்டியல். கால்குலேட்டர் இருந்தால் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் வகுக்க உட்காருவதுதான் பலரும் செய்யும் தவறு. காங்கேயத்து அரிசி ஆலையில் மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசி போட்டு மாதிரி எடுப்பதுபோல, வகுக்காமலே பார்க்கக்கூடியதை எல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும்.

முதலில் வர்க்கமூலம்

எந்த எண்ணானாலும் முதல் வேலை அதன் வர்க்கமூலத்தின் முழு எண் பகுதியைக் குறிப்பது. இதற்கு இரண்டு பயன். பகா எண்களால் வகுத்துப் பார்க்கும்போது எங்கே நிறுத்தலாம் என்ற எல்லை கிடைக்கிறது. எண் முழு வர்க்கமாக இருந்தால் பாதி வேலை அங்கேயே முடிகிறது.

திருப்பூரை எடுங்கள். 800 × 800 = 640000. மிச்சம் 1601. அடுத்த வர்க்கத்துக்குப் போக 2 × 800 + 1 = 1601 சேர்க்க வேண்டும். ஆக 641601 = 801 × 801. மீதி ஒன்றும் இல்லை. 801 = 9 × 89 என்பதால் 641601 = 3⁴ × 89². எந்தப் பகாக் காரணியும் தனியாக நிற்கவில்லை, எல்லாம் இரண்டு தடவைக்குக் குறையாமல் வருகின்றன.

கடைசி இலக்கத்தையும் இலக்க மூலத்தையும், அதாவது இலக்கங்களை ஓரிலக்கம் ஆகும்வரை கூட்டி வருவதையும், வைத்து வர்க்கமா என்று சோதிப்பார்கள். வர்க்கத்தின் இலக்க மூலம் 1, 4, 7, 9 என்ற நான்கில் ஒன்றாகவே இருக்கும். இந்தச் சோதனை ‘இல்லை’ என்று சொன்னால் நம்பலாம், ‘ஆம்’ என்று சொன்னால் நம்பக் கூடாது. சேலத்தின் 636001-க்கு இலக்க மூலம் 7, கடைசி இரண்டு இலக்கம் 01. இரண்டும் பொருந்துகின்றன. ஆனாலும் 797² = 635209, 798² = 636804. நடுவில் விழுந்த எண் அது.

மூன்று மூன்றாகப் பிரித்தல்

ஈரோட்டுக்கு வருவோம். வர்க்கமூலம் 798-க்கு மேல், 799-க்குக் கீழ். 798 வரை எல்லாப் பகா எண்ணாலும் வகுக்க வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம். எண்ணை 638 | 001 என்று மூன்று மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்.

இரண்டையும் கூட்டினால் 639. 999 = 27 × 37 என்பதால், 3, 9, 27, 37 ஆகியவற்றுக்கு மூல எண்ணைச் சோதிப்பதும் இந்த 639-ஐச் சோதிப்பதும் ஒன்றுதான். 639 = 9 × 71. 9-ஆல் வகுபடும், 27-ஆல் வகுபடாது, 37-ஆலும் வகுபடாது. ஆக ஈரோட்டில் 3 சரியாக இரண்டு தடவை.

இப்போது கழியுங்கள்: 638 − 1 = 637. 1001 = 7 × 11 × 13 என்பதால் 7, 11, 13 மூன்றுக்கும் இந்த ஒரே கழித்தல் போதும். 637 = 7 × 7 × 13. எனவே 638001-ஐ 7 வகுக்கும், 13 வகுக்கும், 11 வகுக்காது. ஒரு கூட்டல், ஒரு கழித்தலில் ஐந்து பகா எண்களுக்கு (2-உம் 5-உம் கடைசி இலக்கத்தைப் பார்த்தே போய்விட்டன, அதையும் சேர்த்தால் ஏழுக்கு) விடை வந்துவிட்டது.

இங்கேதான் ஒரு பள்ளம். 637-இல் 7 இரண்டு தடவை இருக்கிறதே, அப்படியானால் 638001-ஐ 49 வகுக்குமா? வகுக்காது. 638001 ÷ 7 = 91143, அதை மறுபடி 7-ஆல் வகுத்தால் மீதி 3. காரணம் எளிது: 1001-இல் ஒரு 7-தான் இருக்கிறது, ஆகவே அந்தச் சோதனைக்கு 49-ஐப் பற்றி ஒன்றும் தெரியாது. இதற்கு நேர் எதிர் கரூர். 639 − 1 = 638 = 2 × 11 × 29. இதில் 11 ஒரு தடவைதான். ஆனால் 639001 = 11 × 11 × 5281. சோதனை எண்ணில் இருமுறை வந்தது மூலத்தில் ஒருமுறை, சோதனை எண்ணில் ஒருமுறை வந்தது மூலத்தில் இருமுறை. 1001-சோதனை ‘வகுக்குமா’ என்பதற்கு மட்டுமே பதில் சொல்லும், ‘எத்தனை தடவை’ என்பதற்குச் சொல்லாது. (999-இல் 27 முழுதாக இருப்பதால் 3-க்கு மட்டும் மூன்று தடவை வரை நம்பலாம்.) எத்தனை தடவை என்று தெரிய, ஒவ்வொரு காரணியையும் உண்மையாகவே வகுத்து, ஈவைத் திரும்பச் சோதிக்க வேண்டும்.

9 × 7 × 13 = 819. 638001 ÷ 819 = 779. இப்போது எல்லையைப் புதுப்பியுங்கள். 28² = 784 என்பதால் 779-க்கு 27 வரை பார்த்தால் போதும். பழைய 798-ஐயே எல்லையாக வைத்துக்கொண்டு விடிய விடிய வகுப்பவர்கள் உண்டு. 7-ஐயும் 13-ஐயும் மறுபடி போட்டுப் பாருங்கள், வகுபடவில்லை. 17-க்கு மீதி 14. 19 × 41 = 779, சரியாகப் போகிறது. முடிந்தது:

638001 = 3² × 7 × 13 × 19 × 41

விடையைத் திரும்பப் பெருக்கிச் சரிபாருங்கள். 9-ஐ விலக்கும் சோதனை, அதாவது இரண்டு பக்கத்து இலக்க மூலமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, மட்டும் போதாது. 638001-ஐ 638010 என்று இடம் மாற்றி எழுதிவிட்டாலும் அதற்குத் தெரியாது. 11-க்கான மீதியையும் பார்த்தால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் மாறியிருப்பது பிடிபடும். இலக்கங்களை வலமிருந்து மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் அந்த மீதி வரும்: 1 − 0 + 0 − 8 + 3 − 6 = −10, 11 கூட்டினால் மீதி 1. காரணிகள் பக்கம்: 9 × 7 = 63, மீதி 8; 13-இன் மீதி 2, பெருக்கினால் 16, மீதி 5; 19-இன் மீதி 8, பெருக்கினால் 40, மீதி 7; 41-இன் மீதி 8, பெருக்கினால் 56, மீதி 1. இரண்டு பக்கமும் 1.

சேலம்: வகுத்தல் கைவிடும் இடம்

636001-க்கும் அதே குத்தூசியைப் போடுங்கள். கூட்டினால் 637, இலக்கக் கூட்டல் 16: 3 இல்லை, 37 இல்லை. கழித்தால் 635 = 5 × 127: 7, 11, 13 எதுவும் இல்லை. 17, 19, 23 என்று தொடர்ந்தால் 100 தாண்டியும், 300 தாண்டியும், 600 தாண்டியும் ஒன்றும் விழாது. 118-ஆவது பகா எண்ணான 647 வந்த பிறகுதான் வகுபடும். கையால் செய்பவர் அதற்குள் இது பகா எண் என்றே முடிவு கட்டிவிடுவார்.

இந்த மாதிரி இடத்துக்கு ஃபெர்மாவின் முறை. ஒற்றை எண்ணை அ² − ஆ² என்று எழுத முடிந்தால் அது (அ − ஆ) × (அ + ஆ) ஆகிவிடும். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணான 798-இல் தொடங்கி, ஒவ்வொரு அ-வின் வர்க்கத்திலிருந்தும் 636001-ஐக் கழித்து, மீதம் முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகப் போனால் 18-ஆவது முயற்சியில் கிடைக்கும். ஆனால் அத்தனையும் தேவையில்லை, இரண்டு சல்லடை போட்டால் போதும்.

முதல் சல்லடை 4. கடைசி இரண்டு இலக்கம் 01, ஆகவே 4-ஆல் வகுத்தால் மீதி 1. வர்க்கங்கள் 4-ஆல் வகுக்கும்போது 0 அல்லது 1 மட்டுமே மீதி தரும். எனவே அ ஒற்றை, ஆ இரட்டை. (மீதி 3 வரும் எண்ணாக இருந்தால் தலைகீழ்: அ இரட்டை, ஆ ஒற்றை.)

இரண்டாவது சல்லடை 3, அதிலிருந்து 9. 636001-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. வர்க்கத்துக்கு 3-இல் மீதி 0 அல்லது 1. ஆகவே அ² மீதி 1, ஆ² மீதி 0. ஆ-வை 3 வகுக்கும் என்றால் ஆ²-ஐ 9 வகுக்கும். அப்போது அ²-இன் இலக்க மூலமும் 636001-இன் இலக்க மூலமும் ஒன்றே, அது 7. வர்க்கத்தின் இலக்க மூலம் 7 ஆக வேண்டுமானால் அ-வின் இலக்க மூலம் 4 அல்லது 5. (மூல எண் 3-ஆல் வகுத்து மீதி 2 தருமானால் அ-வே 3-இன் மடங்கு. மீதி 0 என்றால் 3-ஐ முதலிலேயே வெளியே எடுத்துவிட்டு வாருங்கள், இந்தச் சல்லடை அங்கே ஓடாது.)

798-லிருந்து மேலே, ஒற்றையாகவும் இலக்க மூலம் 4 அல்லது 5 ஆகவும் உள்ளவை: 805, அடுத்து 815. நடுவில் வேறு இல்லை. இரண்டுமே 5-இல் முடிவதால் வர்க்கம் மனக்கணக்குதான். 80 × 81 = 6480, பின்னால் 25: 648025. கழித்தால் 12024. 109² = 11881, 110² = 12100, வர்க்கம் இல்லை. அடுத்து 81 × 82 = 6642, பின்னால் 25: 664225. கழித்தால் 28224. இது 168². அவ்வளவுதான்:

636001 = (815 − 168) × (815 + 168) = 647 × 983

118 வகுத்தல் எங்கே, இரண்டு முயற்சி எங்கே! ரயிலில் ஈரோட்டிலிருந்து சேலம் போகும் நேரத்துக்குள் தாளில்லாமலே செய்துவிடலாம். ஈரோட்டு எண்ணுக்கே முதலில் இந்த முறையைப் போட்டிருந்தால் இன்னும் வேகம்: 799² = 638401, கழித்தால் 400 = 20². முதல் அடியிலேயே 779 × 819.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் இதையே போடலாமா என்றால், கோயம்புத்தூர் பாடம் புகட்டும். 641001-இன் இலக்கக் கூட்டல் 12, எனவே 3 உண்டு. அதை எடுத்தால் 213667, அதை 43 வகுக்கும், மிச்சம் 4969. அதற்கு எல்லை 70. 43-லிருந்து 67 வரை ஆறு பகா எண்களைப் போட்டுப் பார்த்தால் போதும், அது பகா எண். 641001 = 3 × 43 × 4969. இதே எண்ணை ஃபெர்மா முறையில் தொடங்கினால் 801-லிருந்து 2549 வரை 1,749 எண்கள் தாண்ட வேண்டும். ஒன்றுக்கொன்று நெருங்கிய காரணிகள் இருந்தால்தான் அந்த முறை ஓடும். இங்கே நெருங்கிய ஜோடியே 129-உம் 4969-உம். ஆகவே முறை இது: 50 வரையுள்ள பகா எண்களை முதலில் பாருங்கள், அதன் பிறகு ஃபெர்மா பத்துப் பதினைந்து முயற்சி, அதற்கும் மசியாவிட்டால்தான் மீண்டும் வகுத்தல்.

காரணி கிடைத்த பின்

பகாக் காரணிகள் கையில் இருந்தால் மற்ற குணங்கள் தானாக வரும்.

வகுத்திகளின் எண்ணிக்கைக்கு, ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள். ஈரோடு: 3 × 2 × 2 × 2 × 2 = 48. சேலம் 4. கரூர் 6. கோவை 8. திருப்பூர் 5 × 3 = 15. வர்க்கத்துக்கு மட்டுமே இந்த எண்ணிக்கை ஒற்றைப்படையில் வரும், ஏனென்றால் 801 தனக்குத்தானே ஜோடி.

வகுத்திகளின் கூட்டலில்தான் அதிகம் தவறுகிறார்கள். 3²-க்கு உரிய பங்கு 1 + 3 + 9 = 13. அதை (1 + 3)² = 16 என்று போட்டுவிடுவார்கள். சரியான கணக்கு 13 × 8 × 14 × 20 × 42 = 12,23,040. எண்ணையே கழித்தால் 5,85,039, எண்ணைவிடச் சிறியது. எனவே 638001 குறைவெண். 16 என்று போட்டால் 15,05,280 வந்து, கழித்த பின் 8,67,279 ஆகி, எண் மிகையெண்ணாகத் தோன்றும். ஒரு சின்னப் பிழை வகையையே மாற்றிவிடும். ஐந்து ஊர்களில் ஈரோடுதான் எல்லைக் கோட்டுக்கு மிக அருகில் போகிறது. இன்னொரு காரணியாக ஒரே ஒரு 5 சேர்ந்திருந்தால் மிகையெண் ஆகியிருக்கும்.

எண்ணைவிடச் சிறிய சார்பகா எண்களின், அதாவது அதோடு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவற்றின், எண்ணிக்கை: 6 × 6 × 12 × 18 × 40 = 3,11,040. இங்கும் 3²-க்குப் பங்கு 9 − 3 = 6, 2 × 2 அல்ல.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜனை இங்கே சொல்லாமல் போக முடியாது. ஓர் எண்ணுக்குப் பொதுவாக எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்பதை ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியும் அவரும் 1917-இல் நிறுவினார்கள்: எண்ணின் இயல்மடக்கைக்கு மறுபடி இயல்மடக்கை எடுத்தால் வருவது ஏறத்தாழ எத்தனையோ, அத்தனை. 638001-க்கு மடக்கை 13.37, அதன் மடக்கை 2.59. ஆக இந்த அளவுள்ள எண்ணுக்கு இரண்டு மூன்று காரணி இருந்தால் இயல்பு. கோவை 3, சேலம் 2, கரூர் 2 என்று எல்லாம் ஒழுங்காக நிற்க, ராமானுஜன் பிறந்த ஊரின் எண்ணுக்கு மட்டும் 5. தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல். இதற்காக 48 வகுத்திகளை வானளாவப் புகழவும் வேண்டாம். 1915-இல் அவர் ஆராய்ந்த உயர்பகு எண்களின் (தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்டவை) வரிசையில் 638001-க்கு அடுத்து மேலே வரும் 665280-க்கு 224 வகுத்திகள். அது இரட்டை எண். 2 என்ற காரணி இல்லாத எண் எவ்வளவு இழக்கிறது என்பதற்கு அதுவே அளவு. திருப்பூரில் பனியனை டஜனாக எண்ணுவதற்குப் பின்னாலும் இதே நியாயம்தான்: 12-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்தி கிடையாது.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா என்பது அடுத்த கேள்வி. ஐந்து எண்களும் 01-இல் முடிவதால் எல்லாமே 4-ஆல் வகுத்தால் மீதி 1. ‘மீதி 1 என்றால் எழுத முடியும்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் ஐந்தையும் எழுதலாம் என்பார்கள். அந்த விதி பகா எண்களுக்கு மட்டுமே. பகு எண்ணுக்கு, 4-ஆல் வகுத்து மீதி 3 தரும் ஒவ்வொரு பகாக் காரணியும் இரட்டைப்படைத் தடவை வர வேண்டும். ஈரோட்டில் 7-உம் 19-உம் தனியாக நிற்கின்றன, முடியாது. சேலத்தில் 647, 983 இரண்டுமே மீதி 3. கோவையில் 3-உம் 43-உம் தடை. கரூரில் 11 இருமுறை வருவதால் பிழைத்தது: 5281 = 60² + 41², இரண்டையும் 11-ஆல் பெருக்கினால் 639001 = 660² + 451². திருப்பூர்: 641601 = 720² + 351².

இலக்கம் சார்ந்தவை

இவற்றை நீட்ட வேண்டியதில்லை. இலக்கக் கூட்டலால் வகுபடும் எண்ணை ஹர்ஷத் எண் என்று பெயரிட்டவர் தேவ்லாலி ஆசிரியர் கப்ரேகர். 638001-இன் கூட்டல் 18, எண்ணோ ஒற்றை, எனவே ஹர்ஷத் இல்லை. இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் 1-இல் முடிந்தால் மகிழெண். 638001 → 110 → 2 → 4 என்று போய் 4-க்கே திரும்பத் திரும்ப வரும் சுழலில் மாட்டுகிறது, மகிழவில்லை. இரும வடிவம் 10011011110000110001. இருபது இடம், சரியாகப் பத்து 1, பத்து 0. இரண்டால் வகுத்து வகுத்து எழுதிய மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், மேலிருந்து படித்தால் வேறு எண். இந்தக் குணங்கள் எல்லாம் நாம் எழுதும் முறையின் குணங்கள். அடிமானத்தை மாற்றினால் மறைந்துவிடும். 3² × 7 × 13 × 19 × 41 மட்டும் எங்கே போனாலும் கூடவே வரும்.

பத்து இலக்கம் வரும்போது

கைப்பேசி எண் அளவுக்குப் போனால் வர்க்கமூலம் ஒரு லட்சத்தைத் தொடும். அதற்குக் கீழே 9,592 பகா எண்கள். அங்கே எண்ணின் பிறப்பைத் தெரிந்துகொண்டு இறங்குவதே வழி. கோவையின் பிரிப்பு எண்ணான 641-க்கே அந்தப் பெருமை உண்டு. 2³² + 1 = 4294967297 பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் அதை உடைத்தார். அதற்குக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்கும் என்று காட்டினால், 65536 வரையுள்ள 6,542 பகா எண்களில் பார்க்க வேண்டியவை 193, 257, 449, 577, 641 என்று தொடங்கும். ஐந்தாவதே வகுத்துவிடுகிறது: 641 × 6700417.

கணினியில் பகா எண்ணா என்று மட்டும் பார்க்க மில்லர்–ராபின் சோதனை போதும். 2, 3, 5, 7, 11 ஆகிய ஐந்து அடிகளுக்கும் தேறினால், பத்து இலக்கத்துக்குள் அது ஐயமில்லாமல் பகா எண். வெறும் ஃபெர்மா சோதனையை நம்பாதீர்கள் (மேலே சொன்ன காரணி முறை அல்ல; அடியின் ‘எண் − 1’-ஆவது அடுக்கை அந்த எண்ணால் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது). 341 = 11 × 31, ஆனாலும் அடி 2-க்குத் தேறிவிடும். 561-ஓ, தனக்குச் சார்பகாவான எந்த அடியைக் கொடுத்தாலும் தேறும்.

எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகி, ஒற்றை எண்கூட 10-ஆல் வகுபடுவதாகக் காட்டும். பைத்தானில் முழு எண்ணுக்கு வரம்பு இல்லை, ஆனால் வகுக்க ஒற்றைச் சாய்கோடு போட்டால் தசம எண்ணாக மாற்றிவிடும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள். லினக்ஸ் இருந்தால் ‘ஃபேக்டர்’ கட்டளையில் எண்ணைக் கொடுத்தாலே காரணிகள் வரிசையாக வந்துவிடும். அதையும் ஒருமுறை 11-க்கான மீதி பார்த்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே தப்பு கணினியில் இருக்காது, நாம் தட்டிய எண்ணில் இருக்கும்.